இரண்டு நோட்டுக் கணக்கு

“நான் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான் சார். வீட்ல எப்படியோ, ஆபீஸ்லயும் அப்படித்தான். வேஷம் போடற வேலையெல்லாம் நமக்கு வராது.”

இந்த வசனத்தை நீங்கள் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். ஒருமுறையாவது சொல்லியும் இருப்பீர்கள். நம்மூரில் ஒருவர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் நற்சான்றிதழ்களில் இதற்குத்தான் முதலிடம்.

ஆனால், இதைச் சொல்பவரோடு இரண்டு நாள் பழகிப் பாருங்கள். மேனேஜரிடம் வாங்கிய திட்டைச் சேதாரமில்லாமல் வீட்டுக்குச் சுமந்து வந்து மனைவி தலையில் இறக்குவார். மாமனார் மேல் இருக்கிற கோபம், கடைக்கு வந்த வாடிக்கையாளர் மேல் பாயும். மகனை அதட்டுகிற அதே தோரணையில் ஆபீஸ் பையனை அதட்டுவார். ‘ஒரே மாதிரி’ என்பதற்குப் பல சமயம் அர்த்தம் இவ்வளவுதான்: அந்த வீட்டில் எந்த அறைக்கும் கதவு கிடையாது.

சரி, அப்படியானால் இடத்துக்கு இடம் மாறுகிறவர் நல்லவரா? அவரையும் நமக்குத் தெரியும். முன்னால் ‘அண்ணே’, பின்னால் ‘அவன் கெடக்கான்’.

ஒரே மனிதன் பல இடங்களில் பல மாதிரி இருக்கலாமா, கூடாதா? இருக்கலாம் என்றால், அது எந்த இடத்தில் வேஷமாகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித் தத்துவப் புத்தகங்களைப் புரட்ட வேண்டாம். வெப்சைட் செய்து பிழைப்பவர்களின் கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்த்தால் போதும். பாதிப் பதில் அங்கே இருக்கிறது. மீதிப் பாதி உப்பளத்தில்.

*

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டி, புதுச்சேரியைப் பார்த்துப் போனால் அனுமந்தை வரும். அங்கே ஒரு வீட்டு மாடியில், ஒற்றை லேப்டாப்பை வைத்துக்கொண்டு வெப்சைட் செய்து தரும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கற்பனைதான். ஆனால், இப்படி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள்.

அவருக்கு மூன்று வாடிக்கையாளர்கள். புதுச்சேரியில் ஓர் ஓட்டல். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடை. சிங்கப்பூரில் ஒரு டியூஷன் சென்டர். மூன்று வெப்சைட்டையும் அந்த ஒரே லேப்டாப்பில்தான் பராமரிக்க வேண்டும்.

இதில் என்ன கஷ்டம் என்று நினைக்கிறீர்களா? ஓட்டலின் வெப்சைட் பழசு. பி.ஹெச்.பி. என்கிற மொழியின் 5-ஆம் பதிப்பில் எழுதியது. 2015 டிசம்பரில் 7-ஆம் பதிப்பு வந்தபோது, டேட்டாபேஸோடு பேசுவதற்குப் பழைய ஆட்கள் பயன்படுத்திய சில கட்டளைகளை அடியோடு எடுத்துவிட்டார்கள். எனவே, பழைய வெப்சைட்டை அப்படியே கொண்டுபோய்ப் புதிய பதிப்பில் வைத்தால் ஓடாது. ஜவுளிக்கடைக்கோ 8-ஆம் பதிப்புதான் வேண்டும். சிங்கப்பூர்க்காரருக்கு மொழியே வேறு. ஒரே வீட்டில் தாத்தாவுக்குக் கஞ்சி, மகனுக்குச் சப்பாத்தி, பேரனுக்கு நூடுல்ஸ் என்று மூன்று அடுப்பு எரிகிற கதை.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வைத்தால் என்ன ஆகும்? ஜவுளிக்கடைக்காக ஒன்றைப் புதுப்பித்தால் ஓட்டல் படுத்துவிடும். ஓட்டலைச் சரிசெய்தால் டியூஷன் சென்டர் விக்கும். போதாக்குறைக்கு, ஒரு கம்ப்யூட்டரில் ‘போர்ட்’ என்று எண் போட்ட வாசல்கள் உண்டு. சாதாரணமாக ஒரு வாசலில் ஒரு புரோகிராம்தான் உட்காரலாம். வெப்சைட்டின் வழக்கமான வாசல் 80. அந்தக் காலத்தில் இணையத்தில் பேசுவதற்கு ஸ்கைப் வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். சமயத்தில் அது முந்திக்கொண்டு வந்து 80-இல் உட்கார்ந்துவிடும். வெப்சைட் வேலை செய்கிறவர் காரணம் புரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

இதற்குக் கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்த வைத்தியம், தடுப்பு. 1972-லேயே ஐ.பி.எம். நிறுவனம் ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டர்கள்போல நடிக்க வைக்கும் வி.எம்./370-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1999-இல் வி.எம்.வேர் அந்த வித்தையைச் சாதாரண மேஜைக் கம்ப்யூட்டருக்கு இறக்கியது. 2013-இல் டாக்கர் வந்தது. முதல் இரண்டும் ஒரே மனையில் தனித்தனி வீடு கட்டுவது மாதிரி. ஒவ்வொன்றுக்கும் தனி அஸ்திவாரம்கூட உண்டு. டாக்கர், அப்பார்ட்மென்ட் மாதிரி. அஸ்திவாரமும் தண்ணீர் டாங்கும் பொது. ஆனால் ஒரு ஃபிளாட்டின் சமையல் வாசனை அடுத்த ஃபிளாட்டுக்குப் போகாது.

இது நமக்குப் புதுசும் அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் இரண்டு உலகங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். பட்டனைத் தட்டியதும் ‘எது வேணும்?’ என்று திரை கேட்கும். ஒரே பெட்டி, இரண்டு குணம். பிளஸ் டூ படித்த பிள்ளைகள் யாரும் அதைப் பார்த்து, ‘இந்த லேப்டாப் இரட்டை வேடம் போடுகிறது’ என்று புகார் செய்யவில்லை.

*

இப்போது அந்த மாடியிலிருந்து இறங்கி மரக்காணம் பக்கம் போகலாம். தூத்துக்குடி, வேதாரண்யம் மாதிரி இங்கேயும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை உப்பளம். சாலையிலிருந்து பார்த்தால் பெரிய சைஸ் கணக்கு நோட்டை விரித்துப் போட்டதுபோல இருக்கும். கட்டம் கட்டமாகப் பாத்திகள். நடுவில் வரப்புகள்.

ஒரே பெரிய குளமாகத் தண்ணீரைத் தேக்கிவிட்டால் உப்பு விளையாதா? எதற்கு இத்தனை வரப்பு?

விஷயம் இருக்கிறது. கடல் தண்ணீரின் அடர்த்தி ஏறக்குறைய 3 டிகிரி. இது வெயில் கணக்கு அல்ல. பாமே என்கிற அளவு. பாத்தி பாத்தியாக நகர நகர, வெயிலில் காய்ந்து அந்த டிகிரி ஏறும். வழியிலேயே சுண்ணாம்புச் சத்து படிந்து ஒதுங்கிவிடும். சுமார் 25 டிகிரி வந்ததும், நாம் சாப்பிடுகிற உப்பு படிய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகும் சும்மா விட்டுவிட முடியாது. 30-ஐ நெருங்கும்போது மெக்னீஷியம் உப்புகள் மிகுந்து தண்ணீர் கசப்பாகிவிடும். அதை வடித்து வெளியே அனுப்ப வேண்டும்.

ஆக, எல்லாப் பாத்தியிலும் இருப்பது ஒரே தண்ணீர்தான். ஆனால், ஒவ்வொரு பாத்தியிலும் அது வெவ்வேறு நிலையில் இருக்கிறது. வரப்பு உடைந்தால், பல நாள் காய்ந்த தண்ணீரில் நேற்று வந்த தண்ணீர் கலந்துவிடும். அவ்வளவு நாள் வெயிலில் நின்ற மனிதர்களின் உழைப்பும் கரைந்துவிடும். வரப்பு உப்பளத்தின் வேஷம் அல்ல. வரப்பு இல்லாவிட்டால் உப்பே இல்லை.

மனிதர்களும் அப்படித்தான். வகுப்பில் கண்டிப்பான டீச்சர், வீட்டுக்கு வந்து தன் குழந்தையோடு தரையில் உருண்டு விளையாடினால், அது நடிப்பா? ஆபரேஷன் தியேட்டரில் கை நடுங்காத டாக்டர், தன் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் பதறுகிறார். இரண்டில் எது பொய்? இரண்டுமே நிஜம். ஒரே தண்ணீர், வேறு பாத்தி.

*

நான் பி.காம். படித்தவன். எங்கள் பாடத்தில் ஆரம்பத்திலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வணிகத் தனித்தன்மைக் கருத்து என்று பெயர். முதலாளி வேறு, கடை வேறு. கடை முழுக்க அவருடையதாகவே இருக்கட்டும், கல்லாவிலிருந்து மகளின் ஸ்கூல் ஃபீஸுக்கு 500 ரூபாய் எடுத்தால் அதை ‘எடுப்புகள்’ என்று எழுதியாக வேண்டும். தன் பணத்தைத் தானே எடுப்பதற்கு எதற்குக் கணக்கு? எழுதாவிட்டால் கடை பிழைக்கிறதா, சாகிறதா என்று அவருக்கே தெரியாமல் போய்விடும். அதற்குத்தான்.

கடைத்தெருவில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரே கடைக்கு இரண்டு நோட்டு. ஒன்று வரி ஆபீஸருக்குக் காட்ட. இன்னொன்று வீட்டுப் பீரோவில்.

இங்கேதான் நம் கேள்விக்கான கோடு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு வியாபாரத்துக்கு இரண்டு நோட்டு வைத்தால் அது கணக்கு. ஒரே வியாபாரத்துக்கு இரண்டு நோட்டு வைத்தால் அது களவு.

உள்ளூர்க் கடையில் மட்டும்தான் இது நடக்கும் என்று நினைக்காதீர்கள். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் கொடுத்தார். கணக்கில் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு விசாரணையில் தெரியவந்த வித்தை இன்னும் சுவாரசியம். 7,500-க்கும் மேற்பட்ட போலி பில்கள் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டிருந்தன. அவற்றுக்கு ஓர் எழுத்து அடையாளம்: ‘ஹெச்’. ‘ஹைட்’ என்பதன் முதல் எழுத்து, அதாவது மறை. வேலையை நடத்திய பிரிவுகளின் கண்ணுக்கு அந்த பில் தெரியாது. வருமானக் கணக்கில் மட்டும் சேரும். ஒரே கம்பெனி, ஒரே சாஃப்ட்வேர், இரண்டு நோட்டு.

அடுத்தது ஜெர்மனி. 2015 செப்டம்பரில் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களின் குட்டை உடைத்தது. அந்த கார்களுக்குள் இருந்த சாஃப்ட்வேருக்கு, ‘இப்போது பரிசோதனைக் கூடத்தில் நிற்கிறோம்’ என்று தெரியும். ஸ்டீயரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் வைத்துக் கண்டுபிடித்துவிடும். உடனே நல்ல பிள்ளையாகி, புகையைச் சுத்தமாக விடும். சாலைக்கு வந்ததும் பழைய குணம். சில கார்கள், அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் கக்கின. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். இதற்கு முன்பே, காரில் கருவியை மாட்டி நிஜச் சாலையில் ஓட்டி, வித்தியாசத்தை முதலில் அளந்து காட்டியது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சின்னக் குழு. அதில் அரவிந்த் திருவேங்கடம் என்கிற தமிழ்ப்பெயரும் உண்டு.

அனுமந்தைப் பெண்ணின் லேப்டாப்பிலும் இடத்துக்கு இடம் வேறுபாடு. ஃபோக்ஸ்வேகன் காரிலும் இடத்துக்கு இடம் வேறுபாடு. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இரண்டும் பங்காளிகள். ஆனால் அவர் மூன்று பேருக்கு மூன்று நோட்டு வைத்திருக்கிறார். கார், ஒரே காற்றைச் சுவாசிக்கிற ஒரே ஊருக்கு இரண்டு நோட்டு காட்டியது.

*

இந்த இடத்தில் விவரம் தெரிந்த வாசகர் ஒருவர் குறுக்கிடுவார். “சார், ஒரே வெப்சைட்டுக்கே நாங்க மூணு காப்பி வெச்சிருப்போமே! எழுதிப் பார்க்க ஒண்ணு, சோதிச்சுப் பார்க்க ஒண்ணு, ஜனங்க பார்க்கறதுக்கு ஒண்ணு. அதுவும் களவுதானா?”

நியாயமான கேள்வி. பதில் ‘இல்லை’ என்பதுதான். ஏன் இல்லை என்பதில்தான் சூட்சுமம். வெப்சைட் செய்பவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகிற பாலபாடம் இது: சோதனை இடமும் நிஜ இடமும் முடிந்தவரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். ‘என் மெஷின்ல ஓடுதே!’ என்கிற சாக்கு செல்லக்கூடாது என்பதற்குத்தான் டாக்கர் மாதிரி ஏற்பாடுகள் இவ்வளவு பரவின. இது ஒத்திகை. நாளைக்கு மேடையில் என்ன பேசப் போகிறோமோ, அதையே இன்றைக்கு வீட்டில் பேசிப் பார்ப்பது. ஃபோக்ஸ்வேகன் செய்தது தலைகீழ். ஒத்திகையில் ஒன்று, மேடையில் வேறொன்று, அதுவும் திட்டம் போட்டு.

ஒரே மாதிரி இருக்க வேண்டியவை வேறுபட்டால் என்ன விலை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தையில் நைட் கேபிடல் என்ற நிறுவனம் புதிய புரோகிராமுடன் களமிறங்கியது. எட்டு சர்வர்களில் ஏழுக்குத்தான் அது போய்ச் சேர்ந்திருந்தது. எட்டாவது சர்வரில் பழசு அப்படியே கிடந்தது. அந்த ஒன்று தன்னிஷ்டத்துக்குப் பங்குகளை வாங்கவும் விற்கவும் ஆரம்பித்து, சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் காலி. அங்கே யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஒரே வேலைக்குத் தெரியாமல் இரண்டு நோட்டு ஆகிவிட்டது, அவ்வளவுதான். மனிதர்களுக்கும் இது நடக்கும். ‘நான் மாறிட்டேன்’ என்று மனதார நம்புவோம். உள்ளே எட்டாவது சர்வர் ஒன்று பழைய கோபத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்.

*

இன்னும் கஷ்டமான கேள்வி பாக்கி இருக்கிறது. மறைப்பது எல்லாமே களவா?

நகரத்தில் வாடகைக்கு வீடு தேடிப் போகிறார் ஓர் இளைஞர். வேலை, சம்பளம், அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, “தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, நீங்க என்ன ஆளுங்க?” என்கிறார். இளைஞர் உண்மையைச் சொன்னால் வீடு கிடைக்காது. மழுப்புகிறார். இன்டர்வியூவில் ஒரு பெண்ணிடம், “குழந்தை எப்போ ப்ளான்?” என்று கேட்கிறார்கள். அவரும் சிரித்து நழுவுகிறார். இவர்கள் இரண்டு நோட்டு வைத்திருக்கிறார்களா?

எந்த வியாபாரத்துக்கான நோட்டு என்று பாருங்கள். வீட்டுக்காரருக்கும் வாடகைக்கு வருகிறவருக்கும் நடுவில் இருக்கிற கணக்கில் வாடகை உண்டு, அட்வான்ஸ் உண்டு, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதும் உண்டு. ஜாதி என்கிற வரியே அந்த நோட்டில் கிடையாது. இல்லாத வரியை நிரப்பாமல் விடுவது களவு ஆகாது. அதைக் கேட்பதுதான் வரப்பை உடைக்கிற வேலை. கார் கம்பெனி மறைத்ததோ, காற்றைச் சுவாசிக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்துகொள்ள உரிமை இருந்த விஷயம். வலியவனிடமிருந்து எளியவனைக் காக்கிற வரப்பும் உண்டு. எளியவன் கண்ணில் படாமல் வலியவனைக் காக்கிற வரப்பும் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது.

அந்த அனுமந்தைப் பெண்ணுக்கே இப்படி ஒரு சோதனை வரும். ஓட்டல் வெப்சைட்டைச் சரிபார்க்க, நிஜ வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பர் பட்டியல் அவர் லேப்டாப்புக்கு வந்து சேரும். ஒருநாள் ஜவுளிக்கடைக்காரர் கேட்பார்: “தீபாவளிக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பணும்மா, உன்கிட்ட எங்கயாவது நம்பர் லிஸ்ட் இருக்குமா?” லேப்டாப்பில் இரண்டு ஃபோல்டருக்கும் நடுவே அரை இன்ச் தூரம்தான். நகர்த்தினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. தனிநபர் தகவல்களைக் காக்க இந்தியாவில் 2023-இல் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த மாடியில், அந்த நிமிடத்தில், சட்டம் எட்டிப் பார்க்காது. ஓட்டலில் அறை எடுத்தவர் தன் நம்பரை ஓட்டலுக்குத்தான் கொடுத்தார், ஜவுளிக்கடைக்கு அல்ல. அந்த நினைப்பு மட்டும்தான் அங்கே வரப்பு. ஒரு மனுஷியின் நாணயம் அந்த அரை இன்ச்சில் இருக்கிறது.

*

கடைசியாக ஒன்று. டாக்கரில் அஸ்திவாரம் பொது என்று சொன்னேன் இல்லையா? அதற்குக் கெர்னல் என்று பெயர். மேலே எத்தனை தடுப்பு வைத்தாலும், கீழே எல்லோருக்கும் ஒரே கெர்னல்தான். அதை ஒருவன் உடைத்துவிட்டால் எல்லா வீட்டுச் சாவியும் அவன் கையில். அதே மாதிரி, லேப்டாப் கீழே விழுந்தால் ஓட்டல், ஜவுளிக்கடை, சிங்கப்பூர் மூன்றுக்கும் ஒரே சமயத்தில் கருமாதி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, இந்தக் கரையோரத்தில் மழை எந்தப் பாத்தி யாருடையது என்று கேட்டுக்கொண்டா பெய்தது?

நமக்கும் கீழே ஒன்றுதான் இருக்கிறது. அப்பா, ஆபீஸர், நண்பன், பக்கத்து வீட்டுக்காரர் என்று மேலே எத்தனை பாத்தி பிரித்தாலும், ராத்திரி தூங்குவது ஒரே ஆள். மனசாட்சிக்கு இரண்டாவது காப்பி கிடையாது. ஆபீஸில் பொய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘அது ஆபீஸ் விஷயம், வீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை’ என்பவர், ஃபிளாட்டைப் பூட்டிவிட்டு அஸ்திவாரத்தைத் தோண்டுகிறார்.

மழைக்காலம் முடிந்ததும் உப்பளத்தில் முதல் வேலை, கரைந்த வரப்புகளை மறுபடி கட்டுவது. பாத்தித் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவது. வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை. ஒருமுறை கட்டிவிட்டோம், இனி கவலையில்லை என்று அங்கே யாரும் உட்கார முடியாது.

நீங்களும் ஒருநாள் உட்கார்ந்து உங்கள் நோட்டுகளை எண்ணிப் பாருங்கள். நிறைய இருந்தால் பயப்பட வேண்டாம். நிறைய உறவு, நிறைய பொறுப்பு என்றுதான் அர்த்தம். ஒவ்வொன்றையும் எடுத்து, இது யாருக்கான நோட்டு என்று மட்டும் மேலே எழுதுங்கள்.

ஒரே பெயர் எழுதிய இரண்டு நோட்டு கிடைத்தால், ஒன்றைக் கிழிக்க வேண்டும். எதைக் கிழிப்பது என்பது உங்களுக்கே தெரியும்.